தலையீற்று: இணுவிலில் ஒரு சிறிய நாயின் வீட்டுப் பிரசவம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணம் இணுவிலில் ஒரு வீட்டில் நடந்ததை, வீட்டாரின் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். அவர்களுடைய பெயரும் வைத்தியருடைய பெயரும் வேண்டுமென்றே விடப்பட்டுள்ளன. நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். பசுக்களோடும் ஆடுகளோடும்தான் என் காலம் போனது. ஆனாலும் ஊரில் எந்த விலங்கு வயிற்றில் குட்டியோடு நின்றாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். நான் சொல்லக்கூடியதைச் சொன்னேன். மற்றதற்கெல்லாம் நகரிலுள்ள மிருக வைத்தியர் இருந்தார்.

வீட்டில் மூன்று பேர்: ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வங்கியில் வேலை பார்க்கும் அவருடைய மகள், பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன். ஊரார் மூத்தவரை ரீச்சர் என்பார்கள். நானும் அப்படியே குறிப்பிடுகிறேன். நாய் இரண்டரை வயதுப் பெட்டை, எடை 3.8 கிலோ. பொமரேனியன் என்று சொல்லி விற்கப்பட்டது. தூய இனம் என்பதற்குக் கடதாசி ஒன்றும் இல்லை, மயிரும் முகமும்தான் சான்று. விசர்நாய்த் தடுப்பூசியும் மற்றத் தடுப்பூசிகளும் ஒழுங்காகப் போடப்பட்டிருந்தன.

ஏன் குட்டி எடுக்க நினைத்தார்கள் என்று கேட்டேன். இரண்டு உறவினர் குட்டி கேட்டிருந்தார்கள் என்பது ஒரு காரணம். ஒருமுறையாவது குட்டி போட்டால்தான் பெட்டை நாயின் உடம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னது மற்றது. இரண்டாவது காரணத்துக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் கிடையாது. அதை வைத்தியரும் சொன்னார், நானும் சொன்னேன். முதற்காரணம் அவர்களுடைய விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. இவ்வளவு சிறிய நாய்களில் பிரசவச் சிக்கல் மற்ற நாய்களைவிட அதிகம் என்பதை மட்டும் இரண்டு பேருமே அழுத்திச் சொன்னோம்.

இணைசேர்ப்பும் முதல் வாரங்களும்

கொக்குவிலில் இருந்த கடுவனைத் தெரிவு செய்ததில் மகள் காட்டிய கவனம் பாராட்டுக்குரியது. அழகைவிட அளவை முன்னே வைத்தார். அது 3.2 கிலோ, பெட்டையைவிடச் சிறியது. தகப்பன் பெரிதாக இருந்தால் குட்டியின் தலையும் பெரிதாகலாம், தாயின் இடுப்பெலும்பு அதற்காக விரிந்து கொடுக்காது. கூலியாகப் பணம் வேண்டாம், ஈற்றில் ஒரு குட்டியைத் தானே தெரிந்தெடுத்துக்கொள்வதாக உரிமையாளர் சொன்னார். ஆக, குட்டிகள் கருவாகும் முன்பே மூன்றுக்கு ஆள் இருந்தது.

ஒக்டோபர் முதல் வாரத்தில் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை இணைசேர்ந்தன. முதற் தடவையை நாள் கணக்கின் தொடக்கமாக எடுத்துக்கொண்டார்கள். நாயின் சினைக்காலம் 63 நாள் என்று பொதுவாகச் சொல்வது முட்டை வெளியான நாளிலிருந்து வரும் கணக்கு. ஆண் விந்து பெட்டையின் உடலில் பல நாள் உயிரோடு இருக்கக்கூடியது. ஆகவே இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 வரை எந்த நாளிலும் பிரசவம் வரலாம். பேரன் நாட்காட்டியில் ஒரே திகதிக்கு வட்டம் போட்டிருந்தான். பதினொரு நாளுக்குக் கோடு இழுக்கச் சொன்னேன்.

முப்பதாம் நாள் ஸ்கான் செய்தபோது சினை உறுதியானது. குறைந்தது மூன்று குட்டிகள் என்றார் வைத்தியர். ஸ்கானில் எண்ணிக்கை பிழைக்கும், ஆகவே ஐம்பத்தைந்தாம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். அதுவரை நாய் உண்டது வீட்டுச் சோறும் அவித்த சூடை மீனும். ஆறாம் வாரத்திலிருந்து குட்டி நாய்களுக்கான தயாரித்த உணவுக்குப் படிப்படியாக மாற்றினார்கள். வயிற்றில் இடம் குறைந்து வந்ததால் நாளுக்கு நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுத்தார்கள். பூச்சி மருந்து வைத்தியர் சொன்னபடி கொடுக்கப்பட்டது. உண்ணி பிடித்தால் கையால் எடுத்தார்கள். கடையில் விற்கும் நச்சுத் தூள்களைத் தொடவில்லை.

கல்சியம் பற்றிய வாக்குவாதம்

ஏழாம் வாரத்தில் பக்கத்து வீட்டு மாமி கல்சியம் பாணி ஒரு போத்தல் வாங்கி வந்து கொடுத்தார். நல்லெண்ணத்தில் செய்தது. அவருடைய மகள்மார் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது ஆஸ்பத்திரியில் கல்சியம் மாத்திரை கொடுத்தார்கள். "மனிசருக்கே கொடுக்கிறார்கள், வாயில்லாச் சீவனுக்கு வேண்டாமா?" என்று கேட்டார். ரீச்சருக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போத்தலை மேசையில் வைத்துவிட்டு என்னை அழைத்தார்.

கொடுக்க வேண்டாம் என்றேன், வைத்தியரும் அதையே சொன்னார். இது பசு வளர்ப்பவர்களுக்குப் பழகிய விடயம். இரத்தத்தில் கல்சியம் குறையும்போது எலும்பிலிருந்து அதை எடுத்துவிடும்படி கட்டளையிடுவது கழுத்தில் உள்ள சின்னஞ்சிறு சுரப்பிகள். சினைக்காலத்தில் வெளியிலிருந்து கல்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால் அந்தச் சுரப்பிகளுக்கு வேலை இல்லை, மந்தமாகிவிடும். ஈன்றபின் பால் ஊறத் தொடங்கியதும் கல்சியம் பெருமளவில் பாலுக்குப் போகும். அந்த நேரத்தில் எலும்பிலிருந்து எடுக்கும் வழி உடனே திறக்காது. பசுவில் பாற்காய்ச்சல் என்பது இதுதான். கறவை வற்றிய காலத்தில் கல்சியத்தை அள்ளிக் கொடுத்த பட்டிகளில்தான் அதை நான் அதிகம் கண்டிருக்கிறேன். சிறிய நாய்களிலும் இதே கதை நடக்கும், ஆனால் வேறு முகத்தோடு. பசு சோர்ந்து விழும், நாய் நடுங்கி விறைக்கும்.

போத்தல் திறக்கப்படவில்லை. மாமிக்கு மனம் சமாதானமாகவில்லை. இந்த விடயம் பின்னால் மீண்டும் வரும்.

பெட்டியும் சூடும்

தச்சர் ஒருவர் பிளைவூட் பலகையில் பெட்டி செய்து கொடுத்தார். 75 சென்ரிமீற்றர் நீளம், 60 அகலம், சுவர் 35 உயரம். முன்பக்கம் தாய் தாண்டி வர மட்டும் தாழ்த்தி விடப்பட்டது. உட்புறச் சுவரைச் சுற்றி, தரையிலிருந்து ஏழு சென்ரிமீற்றர் உயரத்தில் ஒரு சட்டம் அடிக்கச் சொல்லியிருந்தோம். தாய் சுவரோடு சாய்ந்து படுக்கும்போது இடையில் அகப்படும் குட்டி நசியாமல் அந்தச் சட்டத்தின் கீழே கிடக்கும். தச்சருக்கு அது ஏனென்று விளங்கவில்லை, அழகுக்கு என்று நினைத்து விளிம்பில் பூவேலை செய்துவிட்டார். ஈரமானால் ஊத்தை சேருமென்று அதை உளியால் சீவி எடுக்க வேண்டி வந்தது.

பெட்டியை முதலில் குசினிக்குப் பக்கத்துச் சாமான் அறையில் வைத்தார்கள். அமைதியான, இருட்டான இடம், எங்களுக்கு நல்லதாகத்தான் தெரிந்தது. நாய்க்குத் தெரியவில்லை. ஒவ்வொரு இரவும் ரீச்சரின் கட்டிலுக்குக் கீழே போய், அங்கே கிடந்த பழைய சீலையைக் காலால் பிராண்டிக் குவித்துப் படுத்தது. மூன்று இரவு பார்த்துவிட்டு மகள் பெட்டியை ரீச்சரின் அறைக்கு மாற்றினார். அந்தச் சீலையையும் எடுத்து உள்ளே போட்டார். அன்றிரவே நாய் பெட்டிக்குள் படுத்தது. பிரசவத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இது முடிந்துவிட்டது நல்லதாயிற்று. கடைசி நேரத்தில் இடம் மாற்றினால் பயந்து நோவை அடக்கிக்கொள்ளும் நாய்களும் உண்டு.

அடியில் பழைய செய்தித்தாள் அடுக்கு, மேலே துவைத்த பருத்திச் சீலையும் சாரமும். நூல் வளையம் எழும்பி நிற்கும் துவாயை விரிக்கவில்லை, குட்டியின் நகம் மாட்டிக்கொள்ளும். வைக்கோலும் தும்பும் தூசி என்பதால் தவிர்க்கப்பட்டன.

சூடு பற்றித்தான் அதிகம் பேசவேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் நாய்க்குட்டிக்குக் குளிரா என்று எல்லோரும் சிரித்தார்கள். பிறந்த குட்டிக்கு நடுங்கிச் சூடு உண்டாக்கும் திறன் முதல் வாரத்தில் கிடையாது. அதன் பக்கத்தில் 29 முதல் 32 பாகை செல்சியஸ் வரை இருக்க வேண்டும். சித்திரை வைகாசியில் இந்த ஊரில் அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, தாய்க்கு வெப்பம் தாங்காமல் போவதைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் நாள் விழுவது டிசெம்பர் தொடக்கம். வடகீழ்ப் பருவமழை, ஈரக்காற்று, இரவில் 24 பாகைக்குக் கீழே. நனைந்து பிறக்கும் குட்டிக்கு அது குளிர்தான். பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே மின்குமிழ் தொங்கவிடுவது முதல் திட்டம். மாரியில் காற்றடித்தால் மின்சாரம் போகும் என்பதால், துணியால் இரண்டு சுற்றுச் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல்கள் இரண்டாவது திட்டம். தேர்மோஸில் எப்போதும் கொதிநீர் இருந்தது. எப்படியானாலும் பெட்டியின் பாதிக்கு மட்டுமே சூடு. கூடினால் குட்டி நகர்ந்து போக மற்றப் பாதி வேண்டும். ஒரு சிறிய அறை வெப்பமானி பெட்டியின் உட்சுவரில் தொங்கியது.

சுவரில் ஒட்டிய தாள்

ஐம்பத்தேழாம் நாள் எக்ஸ்ரேயில் நான்கு மண்டையோடும் நான்கு முதுகெலும்பும் தெளிவாகத் தெரிந்தன. தாயின் இடுப்போடு ஒப்பிடும்போது தலைகள் பயப்படும் அளவில் இல்லை என்றார் வைத்தியர். எத்தனை என்று தெரிந்தால்தான் எப்போது முடிந்தது என்று தெரியும். இந்த எக்ஸ்ரேயை வீண்செலவு என்று தவிர்க்கிறவர்களை எனக்குத் தெரியும். நான் இதையே செலவுகளில் முதலாவதாக வைப்பேன்.

அன்று வைத்தியரிடம் மகள் கேட்ட கேள்வி மிகச் சரியானது. "டொக்டர், நாங்கள் எதுவரைக்கும் பொறுத்திருக்கலாம்?" என்று கேட்டார். வைத்தியர் சொன்னதை ஒரு தாளில் எழுதி, ரீச்சரின் அறைச் சுவரில் ஒட்டினார்கள். உடல் வெப்பம் 99 பாகை பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி 24 மணி நேரத்தில் நோவு தொடங்காவிட்டால் தொலைபேசி எடுக்க வேண்டும். முதற்குட்டிக்கு முன் பச்சை நிறக் கசிவு கண்டால் உடனே புறப்பட வேண்டும், இளங்கொடி (நச்சுக்கொடி) கழன்றுவிட்டது என்று பொருள். பலமாக முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வரவில்லை என்றால் தொலைபேசி எடுத்துவிட்டுப் புறப்பட வேண்டும். முக்கல் இல்லாமல் ஓய்ந்திருந்தாலும், உள்ளே குட்டி இருக்கும்போது இரண்டு மணி நேரம் கடந்தால் தொலைபேசி. ஈன்றபின் எந்த நாளிலாவது நடுக்கம், விறைத்த நடை, ஓயாத இளைப்பு கண்டால் இரவு பகல் பாராமல் கொண்டுவர வேண்டும். எல்லாவற்றுக்கும் கீழே, சிவப்பு மையில், "வீட்டில் ஊசி வேண்டாம்."

கடைசி வரிக்குக் காரணம் உண்டு. பசுக்களுக்கு ஊசி போட்டுப் பழகிய ஒருவர், நோவு மந்தமானால் தானே வந்து ஒக்சிடோசின் போட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தார். அந்த மருந்து கருப்பையைச் சுருங்க வைக்கும். வழி திறந்திருந்தால் உதவும். குட்டி குறுக்கே மாட்டியிருந்தால் கருப்பை கிழியலாம், மற்றக் குட்டிகளின் இளங்கொடி முன்கூட்டியே கழன்று மூச்சு முட்டிச் சாகலாம். உள்ளே என்ன நிலை என்று விரலாலும் ஸ்கானாலும் பார்க்காமல் அதைப் போடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

தாளின் ஓரத்தில் வைத்தியரின் இலக்கம், அவர் எடுக்காவிட்டால் அழைக்க இன்னொருவரின் இலக்கம், ஓட்டோக்காரரின் இலக்கம். ஒழுங்கையில் மழைக்கு முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், ஓட்டோ படலைக்கு வராது. ஆகவே வீதி முகப்பில் காத்து நிற்பதாக அவர் ஒப்புக்கொண்டார். காங்கேசன்துறை வீதியால் நகருக்கு ஏழு கிலோமீற்றரளவு.

பிரசவ இரவு

ஐம்பத்தெட்டாம் நாளிலிருந்து காலை, மதியம், மாலை என்று ஆசனவாய் வழியாக வெப்பம் பார்த்தார்கள். மருந்துக்கடையில் வாங்கிய சாதாரண டிஜிற்றல் வெப்பமானிதான். 100.4க்கும் 101.2க்கும் இடையில் நின்றது. அறுபத்தோராம் நாள் மாலை ஆறு மணிக்கு 98.6. சினையைத் தாங்கும் ஓமோனான புரோஜெஸ்தரோன் விழும்போது வெப்பமும் விழும், அதன்பின் ஒரு நாளுக்குள் நோவு வரும். அன்றிரவு உணவைத் தொடவில்லை. பெட்டியைப் பிராண்டியது, எழும்பியது, சுற்றிப் படுத்தது. நள்ளிரவில் இளைப்பும் உடல் உதறலும். இது முதற்கட்டம், கருப்பை வாய் திறக்கும் நேரம். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் எடுக்கும், அப்போது யாரும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மழை பலத்தது. ஒரு மணியளவில் மின்சாரம் போனது. மகள் போத்தல்களை நிரப்பிப் பெட்டியின் வலது பாதியில் வைத்தார்.

4.20க்கு முக்கத் தொடங்கியது. 4.50க்கு முதற்குட்டி, தலை முன்னால், பனிக்குடச் சவ்வோடு முழுதாக வந்து விழுந்தது. தலையீற்று நாய்க்கு அது என்னவென்று புரியவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போனது. மகள் ஒரு கணம்தான் பார்த்தார். மூக்குப் பக்கத்தில் சவ்வைக் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, தலையைத் தாழ்த்திப் பிடித்துச் சூடான துணியால் முதுகைத் தேய்த்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வாய் ஒருமுறை அகலத் திறந்தது, இன்னொருமுறை, அதன்பின் மெல்லிய கீச்சு. அந்தச் சத்தத்துக்குத்தான் தாய் திரும்பிப் பார்த்தது. குட்டியை அதன் வாயருகில் வைத்ததும் நக்கத் தொடங்கியது, பிறகு நிறுத்தவேயில்லை. தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் விட்டுக் கிருமிநீக்கிய நூலால் கட்டி, வெட்டி, அயடின் தொட்டார்கள். சமையற் தராசில் 128 கிராம்.

இளங்கொடி வந்ததும் தாய் அதைத் தின்னப் போனது. ரீச்சர் பதறிவிட்டார். பசு இளங்கொடியைத் தின்னவிடாமல் காவல் இருந்து, சாக்கில் கட்டி ஆலமரத்தில் தூக்கிவிடுகிற ஊர் இது. நாய் தின்பது இயல்பு, ஒன்று இரண்டு தின்றால் கேடில்லை, கூடினால் வயிற்றோட்டம் வரும். முக்கியம் எண்ணுவதுதான்: குட்டிக்கு ஒன்றாக வெளியே வந்திருக்க வேண்டும். பேரன் கைவிளக்கைப் பிடித்தபடி எண்ணிக் குறித்தான்.

5.35க்கு இரண்டாவது குட்டி, 119 கிராம், பின்னங்கால் முன்னால் வந்தது. குறுக்குப் பிறப்பு என்று பயந்து என்னை அழைத்தார்கள். நூற்றுக்கு நாற்பது நாய்க்குட்டிகள் அப்படித்தான் வரும். நான் பதில் சொல்லி முடிக்கும் முன்பே அது பிறந்துவிட்டது.

பிறகு ஓய்வு. 6.30க்கு மீண்டும் பலமான முக்கல். 6.50க்கு வந்து பார்த்த மாமி, தலையீற்றென்றால் இப்படித்தான், சூடான பால் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். ஊசிக்காரரை அழைக்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. எனக்கும் தொலைபேசியில் கேட்டது. ரீச்சர் தாளைப் பார்த்துவிட்டு, "ஏழு மணிக்கு வெளிக்கிடுகிறோம்" என்று மட்டும் சொன்னார். நாற்பது வருடம் வகுப்பறையில் நின்ற குரல், யாரும் மறுத்துப் பேசவில்லை. ஏழு மணிக்குத் தொலைபேசி எடுத்தார்கள், வைத்தியர் வரச்சொன்னார். தாயைத் துணியில் சுற்றி மகள் தூக்கினார். பிறந்த இரண்டையும் ஒரு சிறிய கடகத்தில், சாரத்துக்குள், சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தலோடு வைத்துப் பேரன் தலையில் சுமந்தான். ஒழுங்கைத் தண்ணீரைக் கடந்து ஓட்டோவில் ஏறி, 7.45க்குச் சிகிச்சை நிலையத்தில் நின்றார்கள்.

சிகிச்சை நிலையத்தில்

வைத்தியர் கையுறையிட்ட விரலால் பார்த்தார். மூன்றாவது குட்டியின் தலை நேராக வராமல் பக்கவாட்டில் மடிந்து, கழுத்து வழியை அடைத்திருந்தது. எவ்வளவு முக்கினாலும் அந்த நிலையில் வெளியே வராது. வழுக்கும் திரவம் விட்டு, முக்கலுக்கு இடைப்பட்ட ஓய்வில் குட்டியைச் சற்று உள்ளே தள்ளி, தலையைத் திருப்பி எடுத்தார். 8.10. எடை 141 கிராம், நால்வரில் பெரியது. உயிர் இல்லை. பத்து நிமிடத்துக்கு மேல் தேய்த்தும் உறிஞ்சியும் பார்த்தார்கள்.

நான்காவதை ஸ்கானில் பார்த்தபோது இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 190 இருந்தது. 200க்கு மேல் இருந்தால் நிம்மதி, 180க்குக் கீழே போனால் குட்டி துன்பப்படுகிறது. சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டே, வழி இப்போது திறந்திருப்பதால் மருந்தை ஒருமுறை முயலலாம் என்று வைத்தியர் முடிவெடுத்தார். முதலில் கல்சியம், அதன்பின் மிகச் சிறிய அளவில் ஒக்சிடோசின். வீட்டில் மறுக்கப்பட்ட அதே மருந்துதான், ஆனால் பார்த்தபின், அளந்து, கத்தி ஆயத்தமாக இருக்கும் மேசையில். 8.55க்கு நான்காவது குட்டி உயிரோடு பிறந்தது. 96 கிராம்.

இன்னும் முந்திப் போயிருந்தால் மூன்றாவது தப்பியிருக்குமா என்று மகள் வைத்தியரிடம் கேட்டார். 6.30க்கே வந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது, ஆனால் இன்னும் இரண்டு மணி நேரம் வீட்டில் வைத்திருந்தால் நான்காவதும் போயிருக்கும், தாயும் ஆபத்தில் இருந்திருக்கும் என்றார் அவர்.

மிகச் சிறிய குட்டி

நான்காவது குட்டியின் உடல் வெப்பம் வீடு வந்தபோது 34 பாகை செல்சியஸ். தொட்டால் குளிர்ந்தது, முலையைத் தேடவில்லை. பசியென்று பால் புகட்டத்தான் எவருக்கும் கை போகும். குளிர்ந்த குட்டியின் குடல் அசையாது. ஊட்டிய பால் உள்ளே புளித்துத் தேங்கும், அல்லது நுரையீரலுக்குப் போகும். மகள் அதைத் தன் சட்டைக்குள், தோலோடு தோலாக வைத்து மெதுவாகச் சூடாக்கினார். 36 பாகைக்கு வந்ததும் தாயின் பின் முலையில் பிடித்து வைத்தார், பால் அதிகம் சுரப்பது அங்கேதான். ஈன்றதும் முதலில் சுரக்கும் கடும்புப் பாலிலுள்ள நோயெதிர்ப்புச் சக்தியைக் குடல் உறிஞ்சுவது முதல் நாளில் மட்டும். அதிலும் முதற் சில மணி நேரத்தில்தான் அதிகம்.

மறுநாள் எடை 91 கிராமாக இறங்கியது. பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குவரை முதல் நாளில் குறையலாம். இரண்டாம் நாளும் ஏறாததால், நாய்க்குட்டிக்கான பால்மாவைக் கரைத்து இரண்டரை மணிக்கொருமுறை சிரிஞ்சால் சேர்த்துக் கொடுத்தார்கள். மல்லாத்தாமல் குப்புறப் பிடித்துத்தான். பசுப்பால் கொடுக்கவில்லை, நாய்ப்பாலின் புரதமும் கொழுப்பும் அதில் பாதிகூட இல்லை. காலையும் மாலையும் நிறுத்து எழுதினார்கள். ஒன்பதாம் நாள் மற்ற இரண்டும் எடையில் இரட்டித்திருந்தன, சிறியது 158 கிராமில் நின்றது. அதன்பின் அதற்கும் சிரிஞ்சு தேவைப்படவில்லை.

பதினேழாம் நாள்

கண் திறந்து குட்டிகள் தள்ளாடத் தொடங்கிய வாரத்தில், ஒரு மாலை தாய் ஓயாமல் இளைத்தது. குட்டிகளை விட்டு எழும்பி விறாந்தையில் நடந்தது. பின்னங்கால் மடியாமல் மரக்கால் போல ஊன்றியது. முகத் தசை துடித்தது. வெப்பம் 104 பாரன்ஹீட். காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா என்று ரீச்சர் யோசிக்க, பேரன் தாளின் ஐந்தாவது வரியைக் காட்டினான். குட்டிகளைப் பிரித்துவிட்டு உடனே புறப்பட்டார்கள்.

இரத்தத்தில் கல்சியம் குறைந்திருந்தது. வைத்தியர் நாளம் வழியாகக் கல்சியத்தை மிக மெதுவாக, இதயத்தைக் கேட்டபடி ஏற்றினார். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அரை மணி நேரத்துக்குள் நடுக்கம் அடங்கியது. குட்டிகளுக்கு 24 மணி நேரம் தாய்ப்பால் நிறுத்தப்பட்டு, பால்மா கொடுக்கப்பட்டது. தாய்க்கு வாய்வழிக் கல்சியம் எழுதிக் கொடுத்தார்.

மாமிக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அன்றே கொடுத்திருந்தால் இது வந்திருக்குமா என்று ஒழுங்கை முழுக்கக் கேட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அவர் பக்கம்தான் நியாயம் போலத் தெரியும். ஆனால் ஈன்றபின் நாய் என்ன தின்றது என்று விசாரித்தபோது வேறு ஒன்று தெரியவந்தது. பிள்ளைபெற்றவளுக்கு என்று உறவினர் ஆட்டீரலும் கோழி இறைச்சியும் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். நாய் அதை விரும்பித் தின்று, தயாரித்த உணவை ஒதுக்கிவிட்டது. எலும்பில்லாத இறைச்சியிலும் ஈரலிலும் சோற்றிலும் கல்சியம் மிகக் குறைவு. பால் உச்சத்தில் ஊறும் மூன்றாம் வாரத்தில், வரவு குறைந்து செலவு கூடியது. சினைக்காலத்தில் கொடுக்கும் பாணி இதைத் தடுப்பதில்லை, மோசமாக்கலாம். பாலூட்டும் காலத்தில் வைத்தியர் அளந்து கொடுக்கும் கல்சியம் மருந்து. ஒரே பொருள், இரண்டு காலம். மாமி இதை இன்னும் ஏற்கவில்லை.

மீண்டும் செய்தால் என்ன மாறும்

முதலாவது, காலம். இந்த நாய்க்கு ஆறேழு மாதத்துக்கொருமுறை பருவம் வருகிறது. ஒக்டோபர் பருவத்தை விட்டு அடுத்ததில் இணைசேர்த்திருந்தால், பிரசவம் மழையும் வெள்ளமும் மின்வெட்டும் இல்லாத மாதத்தில் விழுந்திருக்கும். இணைசேர்க்கும் நாளிலேயே 63 நாள் முன்னால் எண்ணிப் பார்ப்பது பெரிய வேலையில்லை. வெப்பத்தைச் சமாளிப்பது, ஒழுங்கைத் தண்ணீரைச் சமாளிப்பதைவிட எளிது.

இரண்டாவது, ஈன்றபின் வரும் உணவு. பிரசவம் வரைக்கும் எழுதி ஒட்டிய குடும்பம், அதன்பின் என்ன கொடுப்பது, யார் கொடுப்பது என்பதை எழுதவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஊட்டினார்கள். தயாரித்த உணவைப் பாலூட்டும் காலம் முடியும்வரை நிறுத்தக்கூடாது என்ற ஒரு வரி தாளில் இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, வாக்குறுதி. நான்கு கருவாகும் முன்பே மூன்றைக் கொடுத்துவிட்டார்கள். பிழைத்தது மூன்று. வீட்டில் ஒன்றை வைத்துக்கொள்ள விரும்பிய பேரனுக்கு, ஒரு உறவினர் விட்டுக் கொடுத்ததால்தான் சிறிய குட்டி கிடைத்தது.

எக்ஸ்ரே, வெப்பக் குறிப்பு, பெட்டியின் சட்டம், காத்து நின்ற ஓட்டோ ஆகியவற்றில் மாற்ற ஒன்றுமில்லை. அரை மணி என்ற எல்லையையும் நான் மாற்றமாட்டேன். இருபது நிமிடம் என்று குறைத்தால் ஒழுங்காகப் பிறக்கப்போகும் குட்டியை ஓட்டோவில் பிறக்க வைப்போம்.

குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து இரு வாரத்துக்கொருமுறை பூச்சி மருந்தும், ஆறாம் வாரத்திலிருந்து தடுப்பூசியும் தொடங்கின. எட்டாம் வாரத்தில் கொக்குவில் உரிமையாளர் வந்து பெரியதைத் தெரிந்தெடுத்துக்கொண்டு போனார். போகும்போதே அடுத்த பருவத்துக்கும் இணைசேர்க்கலாம் என்று கேட்டார். தாய்க்குப் பால் வற்றியபின் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வதென்று வைத்தியரோடு ஏற்கெனவே பேசியாகிவிட்டது. அதை மகள் அவரிடம் படலையிலேயே சொல்லிவிட்டார். சத்திரசிகிச்சை பங்குனியில் நடந்தது.